கட்டைக் கொடுத்துடுங்க சார்!



வக்கீல் ஆபீஸ்களுக்கென்று ஒரு வாசனை உண்டு. பழைய காகிதம், பாச்சா உருண்டை, குமாஸ்தா அப்போதுதான் வாங்கி வந்த டீ. சில வருடங்களுக்கு முன்னால் என் அத்தையோடு அப்படி ஓர் அறையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஊர். எதிரே பச்சை பெயின்ட் அடித்த இரும்பு பீரோ, கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாடா போட்டுக் கட்டிய கேஸ் கட்டுகள். மேலிருந்து மூன்றாவது கட்டில் அத்தையின் பெயர் மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது, நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்தே தெரிந்தது.

அந்தக் கட்டுக்குள்தான் அத்தையின் பாகப்பிரிவினை வழக்கு இருந்தது. ஆறு வருட வழக்கு. தாத்தா காலத்துத் தாய்ப்பத்திரமும் அதற்குள்தான். அத்தை வேறு வக்கீல் பார்க்க முடிவு செய்திருந்தார். இவர் மோசமானவர் என்றெல்லாம் அத்தை சொல்லவில்லை. "வாய்தாவுக்கு வரவே மாட்டேங்குறாருடி, அதான்" என்பது மட்டும்தான் குறை.

வக்கீல் வந்தார். மரியாதையாகவே பேசினார். "ஃபீஸ் பாக்கி நாற்பதாயிரம் நிக்குதும்மா. அதை முடிச்சிட்டு கட்டை எடுத்துட்டுப் போங்க."

"குடுத்ததையெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன் சார். பாக்கி அவ்வளவு வராதே..."

"ரசீது இருக்காம்மா?"

ரசீது எங்கே இருக்கும்? ஊர்க்காரர், பெண் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். அவரிடம் யார் ரசீது கேட்பார்கள்? அடுத்த வாரம் அத்தை இரண்டு வளையலை அடகுக் கடையில் வைத்துப் பணத்தைக் கட்டினார். கட்டு வந்தது.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். மாதா மாதம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு யோசனை சொல்கிற எனக்கு, ஃபீஸ் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் வருடமே சொல்லிவிட்டது தெரியாது. தெரிந்தபோது வளையல் ஏலத்துக்குப் போய்விட்டிருந்தது.

அந்த வழக்கின் கதையைக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கி தன் வக்கீலை மாற்ற நினைத்தது. அவரோ, ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பாக்கியைக் கொடுத்தால்தான் ஃபைல்களைத் தருவேன் என்றார். விஷயம் பார் கவுன்சிலுக்குப் போனது. 18 மாதம் தொழில் செய்யக் கூடாது என்று தண்டனை விழுந்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சட்டம் அதுவரை தெளிவாக இல்லாததால் தண்டனையைக் கண்டிப்போடு நிறுத்திக்கொண்ட நீதிபதிகள், விஷயத்தில் மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. பாக்கி இருந்தால் வழக்குப் போட்டு வசூல் செய்துகொள்ளலாம், ஃபைலைப் பிணையாக வைத்துக்கொள்ள முடியாது. அப்படி வைத்துக்கொள்வது தொழில் ஒழுங்கீனம்.

வங்கிக்குத் தெரிந்த வழி அத்தைக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் போயிருப்பாரா?

நம் வீடுகளில் டாக்டர், வக்கீல், ஆடிட்டர் மூன்று பேரும் கிட்டத்தட்ட குலதெய்வத்துக்கு அடுத்த வரிசை. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாலே குரல் ஒரு படி இறங்கிவிடும். காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் வாதாடுகிறவர்கள், ஆஸ்பத்திரி பில்லில் ஒரு வரி புரியாவிட்டால்கூடக் கேட்க மாட்டோம். மனத்துக்குள் வைத்துக்கொண்டு, வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் புலம்புவோம். இப்போது கூகுளில் ஒரு ஸ்டார் போடுகிறோம். அதைத் தாண்டிப் போவதில்லை.

தாண்டிப் போக ஒரு கதவு இருக்கிறது. சென்னையில், உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். டாக்டர்களுக்கு, அரும்பாக்கத்தில் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். பட்டயக் கணக்காளர்களுக்கு, அதாவது நம் பேச்சில் ஆடிட்டர்களுக்கு, 1949-ஆம் வருடச் சட்டப்படி அமைந்த அவர்களுடைய இன்ஸ்டிடியூட். இந்த இடங்களில் ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் இருந்தால்தான் கறுப்பு அங்கி, ஸ்டெதஸ்கோப், ஆடிட்டர் கையெழுத்து. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் எதுவும் இல்லை.

அந்தப் பெயரை எடுக்கும் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1994-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியர் வக்கீல் நீதிபதியையே மிரட்டினார். சாதாரண ஆள் இல்லை, அப்போது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கே தலைவர்! நீதிமன்ற அவமதிப்பு என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் அவருக்குத் தண்டனை கொடுத்தது, கூடவே மூன்று வருடம் தொழில் செய்யத் தடையும் போட்டது. 1998-ல் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, தடை போட்டது மட்டும் தப்பு என்றார்கள். அவமதிப்பு வழக்கில் ஒரு வக்கீலின் லைசென்ஸை உச்ச நீதிமன்றமே நேரடியாக நிறுத்தி வைக்க முடியாது. அது பார் கவுன்சிலின் வேலை.

நாட்டின் உச்ச நீதிமன்றம்கூட ஒதுங்கி நிற்கிற இடத்தில், நம்மைப் போன்ற ஒருவர் கொடுக்கும் புகார் உள்ளே போக முடிகிறது. இதை யாராவது நமக்குச் சொன்னார்களா?

வக்கீல்கள் விஷயத்தில் இந்தக் கதவு இப்போது இன்னும் முக்கியமாகிவிட்டது. டாக்டர் கவனக்குறைவாக இருந்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 1995-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. வக்கீல்களுக்கு அது பொருந்தாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வக்கீலால் கெட்டுப்போன ஒரு கட்சிக்காரருக்கு, சிவில் வழக்கு போட்டு இன்னொரு பத்து வருடம் அலையத் தெம்பு இல்லையென்றால், மிச்சமிருக்கிற வாசல் பார் கவுன்சில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கவுன்சில் நஷ்ட ஈடு வாங்கித் தராது. வழக்குரைஞர் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் நான்கே வழிகள்தான் இருக்கின்றன. புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், கொஞ்ச காலம் தொழிலை நிறுத்தி வைக்கலாம், பெயரையே நீக்கலாம். அத்தையின் வளையலைத் திருப்பித் தருவதற்கு அதில் வழியே கிடையாது.

பிறகு எதற்குப் புகார் கொடுக்க வேண்டும்? எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. பதில் அத்தையின் தெருவிலேயே கிடைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

டாக்டர்கள் பக்கம் வருவோம். 2002-ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிகள்தான் இன்றும் நடப்பில் இருக்கின்றன. 2023-ல் புது விதிகள் வந்தன, வந்த மாதமே நிறுத்தி வைத்துவிட்டார்கள். பழைய விதிகளில் நம் வீட்டுக்கு நேரடியாகப் பயன்படுகிற ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளியின் கேஸ் ஷீட்டை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் ஒருவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மறுப்பதே ஒழுங்கீனம். சிகிச்சை சரியா தப்பா என்ற விவாதத்துக்கே போக வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சம்மரி என்று இரண்டு பக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இன்னொரு டாக்டரிடம் செகண்ட் ஒபினியன் கேட்கப் போகும்போதுதான், ஆபரேஷன் நோட்ஸ் எங்கே, நர்ஸ் எழுதிய சார்ட் எங்கே என்று தேடுகிறோம். எழுத்தில் கேளுங்கள். தேதியும் நேரமும் போட்டுக் கேளுங்கள். 72 மணி நேரம் என்ற கடிகாரம் அதிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

அதே விதிகளில் இன்னொன்று. டாக்டர் தன் பதிவு எண்ணை கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பண ரசீதிலும் போட வேண்டும். உங்கள் வீட்டு டிராயரில் கிடக்கிற மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்களேன். எண் இருக்கிறதா? எண்ணே இல்லாதவர், அதாவது போலி டாக்டர், கவுன்சிலின் விசாரணைக்குள் வரவே மாட்டார். பட்டியலில் இல்லாத பெயரை எப்படி நீக்குவது? அவருக்குப் போலீஸ்தான்.

புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் அந்த விதிகளில் இருக்கிறது. ஒரு டாக்டரின் பெயரை நீக்கினால் உள்ளூர் பத்திரிகைகளில் பரவலாக அறிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நானும் ரொம்ப வருடமாகப் பத்திரிகையில்தான் இருக்கிறேன். அப்படி ஓர் அறிவிப்பு என் மேஜைக்கு வந்ததாக நினைவில்லை.

இந்த இடத்தில் என் கோபத்தைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன், மன்னியுங்கள். நாம் கொடுத்த புகாரில் மாநில மெடிக்கல் கவுன்சில் டாக்டரைத் தண்டித்தால், அவர் டெல்லிக்கு அப்பீல் போகலாம் என்று 2019-ஆம் வருட தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொல்கிறது. நம் புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டால் நாம் போகலாமா? சட்டத்தின் அந்தப் பிரிவில் மருத்துவர் என்றுதான் இருக்கிறது, நோயாளி இல்லை. நீதிமன்றப் படியேறலாம்தான். ஆனால் ஒரே புகாரில் ஒரு தரப்புக்கு மட்டும் மேல்முறையீடு, இன்னொரு தரப்புக்கு இல்லை என்றால் அது என்ன நியாயம்? வக்கீல்கள் சட்டத்தில் இந்த ஓரவஞ்சனை கிடையாது. அங்கே பாதிக்கப்பட்ட யாரும் 60 நாளுக்குள் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்குப் போகலாம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். எம்.பி.க்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் ஒரே ஜாதிதானே, காக்கா காக்காவைக் கொத்துமா?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான சந்தேகம். பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர், மூன்று பேருமே வக்கீல்கள். இங்கிலாந்தில் டாக்டர்களைக் கண்காணிக்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலில் 12 பேர், அதில் பாதிப் பேர் டாக்டர் அல்லாதவர்கள். டாக்டர்கள் மீதான விசாரணையும் பெரும்பாலும் பொதுமக்கள் போய் உட்கார்ந்து கேட்கும்படிதான் நடக்கிறது. இங்கே அப்படி ஒரு நாற்காலி நமக்குக் கிடையாது.

நம் ஆட்கள் ஒருவரையொருவர் விட்டுக் கொடுக்காமல் இருந்ததற்குச் சான்றுகள் உண்டு. மகாராஷ்டிராவில் சாட்சி வந்து காத்திருக்க, மறுபடி மறுபடி வாய்தா வாங்கிய வக்கீல்கள் மீது ஒருவர் புகார் கொடுத்தார். மாநில பார் கவுன்சில் விசாரிக்கவே இல்லை. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் கைவிட்டது. அவர் விடாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2001-ல், இது விசாரிக்க வேண்டிய ஒழுங்கீனம்தான் என்று சொல்ல வைத்தார். எத்தனை வீடுகளில் இந்த வாய்தாவால் பெண்களின் ஜீவனாம்சம் தள்ளிப் போயிருக்கும்!

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2009 ஜனவரி 7-ஆம் தேதி, கணக்கில் காட்டிய பணம் இல்லவே இல்லை என்று கம்பெனித் தலைவரே எழுதிக் கொடுத்தார். வருடா வருடம் சரி என்று கையெழுத்துப் போட்டவர்கள் ஆடிட்டர்கள். ரிட்டயர்மென்ட் பணத்தை அந்த ஷேரில் போட்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஆடிட்டர்களை ஆடிட்டர்களே விசாரித்தால் போதுமா என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. 2018 அக்டோபரில், பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்களை விசாரிக்க, இன்ஸ்டிடியூட்டுக்கு வெளியே ஒரு தனி ஆணையத்தை அரசு அமைத்தது. தன் வீட்டைத் தானே பெருக்காவிட்டால் வேறு ஆள் துடைப்பத்தோடு வந்துவிடுவார் என்று மற்ற கவுன்சில்களுக்கும் அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

நம் ஊரிலேயே இந்த இழுபறி நடந்தது. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒழுங்கீனமாக நடக்கும் வக்கீல்களைத் தானே தடை செய்யும்படி விதிகளைத் திருத்தியது. வக்கீல்கள் தெருவுக்கு வந்தார்கள், கோர்ட்டுகள் முடங்கின. அந்த ஜூலையில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா தமிழ்நாட்டு வக்கீல்கள் 126 பேரை சஸ்பெண்ட் செய்தது. கடைசியில், 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் அந்தப் புது விதிகளை ரத்து செய்தது. வக்கீல்களை ஒழுங்குபடுத்துவது வக்கீல்கள் அமைப்பின் உரிமை என்றது.

சரி, உரிமையை ஜெயித்துவிட்டீர்கள். அதை எங்களுக்காகவும் பயன்படுத்துங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

எங்கள் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே கேட்பீர்கள். பத்திரிகைகளுக்குப் பிரஸ் கவுன்சில் இருக்கிறது. அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம்கூடப் போட முடியாது. என் பெயரை நீக்குவதற்குப் பட்டியலே கிடையாது. அந்த வகையில் டாக்டரும் வக்கீலும் எங்களைவிடக் கடுமையான கட்டுக்குள்தான் இருக்கிறார்கள்.

இப்போது நம் பக்கம். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குலதெய்வக் கோயிலுக்குப் போக ஆபீஸில் லீவு இல்லை. குடும்ப டாக்டரிடம், "மூணு நாள் வைரல் ஃபீவர்னு போட்டுக் குடுங்க டாக்டர்" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? உண்மைக்கு மாறான சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டால் டாக்டரின் பெயரே பட்டியலிலிருந்து போகலாம். மகன் வெளிநாட்டில் படிக்கப் போகிறான், விசாவுக்கு சொத்து மதிப்புச் சான்று வேண்டும். "கொஞ்சம் கூட்டிப் போட்டுடுங்க சார், எல்லாரும் பண்றதுதானே?" ஆடிட்டர் தயங்கினால், பக்கத்துத் தெரு ஆடிட்டரிடம் போகிறோம். நேர்மையான ஆடிட்டருக்கு அன்று ஒரு வாடிக்கையாளர் குறைந்தார். நெளிந்து கொடுத்தவருக்கு ஒருவர் கூடினார்.

போலிச் சான்றுகள் பெருகியதால்தான் 2019 பிப்ரவரி முதல் ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சான்றுக்கும் யூ.டி.ஐ.என். என்று 18 இலக்க எண் கட்டாயமானது. அந்த எண்ணை இன்ஸ்டிடியூட்டின் இணையதளத்தில் போட்டால், சான்று உண்மையிலேயே ஓர் ஆடிட்டர் கொடுத்ததுதானா என்று தெரிந்துவிடும். வங்கிக்குக் கொடுக்கும் முன் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எண் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

டாக்டர்கள் என்னிடம் இன்னொன்று சொல்கிறார்கள். நோயாளி இறந்துவிட்டால் அது எப்போதும் டாக்டரின் தவறு இல்லை. உண்மைதான். 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. சிகிச்சை பலிக்காமல் போவது வேறு, அஜாக்கிரதை வேறு. துக்கத்தில் கண்ணாடியை உடைப்பதும், டூட்டி டாக்டரின் சட்டையைப் பிடிப்பதும் புகார் ஆகாது, அது குற்றம். இவ்வளவு நேரம் நான் கவுன்சில் கவுன்சில் என்று சொல்வதே அதற்காகவும்தான். எழுதிக் கொடுக்க ஓர் இடம் இருப்பது தெரிந்தால் கை ஓங்குகிற கோபம் கொஞ்சமாவது காகிதத்துக்கு வரும்.

சரி, அத்தையின் தெரு.

அத்தைக்கு நடந்து இரண்டு வருடம் ஆனது. அதே தெருவில் ஓர் அக்கா, கணவர் இறந்து இன்ஷூரன்ஸ் வழக்கு நடத்துகிறவர், அத்தையிடம் வந்து அழுதிருக்கிறார். அதே வக்கீல், அதே பச்சை பீரோ. "பாக்கியை முடிச்சிட்டு கட்டை எடுத்துட்டுப் போங்கம்மா." இந்த முறை அறுபதாயிரம்.

அத்தை எனக்கு போன் செய்தார். "நான் அன்னிக்கே எழுதிப் போட்டிருந்தா இந்தப் பொண்ணுக்கு இது வந்திருக்காதுல்லடி?" அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

அடுத்த ஞாயிறு பஸ் ஏறினேன். அத்தையின் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். புகாரைத் தமிழிலேயே கொடுக்கலாம், பார் கவுன்சில் விதிகளிலேயே அது இருக்கிறது, ஆங்கிலம் தெரியவில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். அக்கா எழுதிய முதல் டிராஃப்டில் "கிராதகன்" என்று ஒரு சொல் இருந்தது, அடித்தேன். இரண்டாவது டிராஃப்டில் வக்கீலின் மாமனார் சொத்து சேர்த்த விவரம் வந்திருந்தது, அதையும் அடித்தேன். கடைசியில் நின்றது நான்கு பக்கம். எந்தத் தேதியில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார், எந்தத் தேதியில் ஜி.பே.யில் எவ்வளவு அனுப்பினார், எந்தத் தேதியில் கட்டைக் கேட்டார், என்ன பதில் வந்தது. ஸ்கிரீன் ஷாட்டுகள் பின்னால். வக்கீலின் எம்.எஸ். நம்பர், அதாவது பார் கவுன்சில் பதிவு எண், வக்காலத்திலேயே இருந்தது.

இப்படிப்பட்ட விசாரணையில் கிட்டத்தட்ட கிரிமினல் வழக்கு அளவுக்கு ஆதாரம் எதிர்பார்ப்பார்கள். ஒருவரின் பிழைப்பையே பறிக்கிற விஷயம், அப்படித்தான் இருக்க வேண்டும். அதனால் வயிற்றெரிச்சல் வேண்டாம், தேதிகள் போதும்.

கையெழுத்துப் போட்டு, உறுதிமொழி சேர்த்து, கட்டணத்தோடு சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது புகார். நோட்டீஸ் போன மறு வாரம் கேஸ் கட்டு அக்கா வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது, குமாஸ்தா கையில். பாக்கி பற்றிப் பேச்சே இல்லை.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தோம். ஒரு சாயங்காலம் வக்கீலே பழத்தட்டோடு வந்தார். "நம்ம ஊருக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்? கட்டுதான் வந்துடுச்சே, வாபஸ் வாங்கிடுங்க." அக்காவுக்கு மனம் இளகிவிட்டது. எனக்கு போன் வந்தது. அவர் குரலிலும் தப்பு சொல்ல முடியாது. அதே ஊரில் அடுத்த முப்பது வருடம் இருக்கப் போகிறவர் அவர்தான், நான் இல்லை.

அப்போதுதான் விதியைத் தேடிப் படித்தேன். வாபஸ் வாங்கிவிட்டார்கள், சமாதானமாகிவிட்டார்கள், புகார்தாரருக்கு இனி விருப்பமில்லை என்ற காரணத்துக்காக மட்டும் பார் கவுன்சில் ஒரு புகாரைக் கைவிடக் கூடாது. எழுதிப் போட்ட பிறகு அது அக்காவுடைய புகார் மட்டும் இல்லை. அந்த பீரோவுக்குள் இன்னும் இருக்கிற கட்டுகளுக்கெல்லாம் சேர்த்துத்தான்.

இதைச் சொன்னதும் அக்காவுக்கு ஒரே நிம்மதி. "அப்ப நான் சரின்னாலும் நடக்கும், வேணாம்னாலும் நடக்குமா? நல்லதாப் போச்சு, அவர் மூஞ்சிக்கு நேரா நான் எதுவும் சொல்ல வேணாம்" என்றார்.

ஒரு வருடத்துக்குள் மாநில பார் கவுன்சில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் கோப்பு டெல்லியில் இருக்கும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு மாறிவிடும் என்பது சட்டம். நான் மேலே சொன்ன கூட்டுறவு வங்கி வழக்கே அப்படி டெல்லிக்குப் போனதுதான். அக்காவின் புகாருக்கு இப்போது ஒன்பதாவது மாதம். இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. ஒழுங்கீனத்தை விசாரிக்கிற இடத்திலும் வாய்தா!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கட்டு, ஒரு கேஸ் ஷீட், ஒரு கையெழுத்து எங்காவது சிக்கியிருக்கலாம். எழுதுங்கள். பெயர் போட மாட்டோம். ஆனால் எங்களுக்கு எழுதும் முன், அந்தந்தக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டு, அதன் நகலை எங்களுக்கு அனுப்புங்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது வாரம் விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அக்காவோடு அத்தையும் வருகிறார், சாட்சி சொல்ல. அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பையில் வைத்துவிட்டாராம்.

அன்புடன்,
ஆசிரியர்